உள்ளிருந்து வெளியே ஓடும் தட்டு

பெரம்பூர், சென்னை
11-8-1958

கர்த்தருக்குள் அன்பான ஓஸ்வால்ட் அண்ணனுக்கு,

யூஜின் எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தீர்களானால், மீதியையும் படித்துவிடுங்கள். பன்னிரண்டு வருஷமாக எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். ஒரு உதவிக்காகத்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

ஃபென்விக் துரை போன வருஷம் சீமையில் காலமாகிவிட்டார். நான் அவருக்குப் போட்ட கடிதத்துக்கு அவருடைய தங்கை பதில் எழுதியிருக்கிறாள். துரை கப்பலேறும் முன் தன் இசைத்தட்டு ஆல்பங்கள் அத்தனையையும் பெங்களூர் கிளப்புக்கே கொடுத்துவிட்டாராம். அவற்றைக் கேட்டுத் தரம் பிரிக்கும் வேலையில் நீங்கள் இருப்பதாகக் கிளாரன்ஸ் சொன்னான். ரயில்வே கார்டாக இருப்பதால் அவன் மட்டும்தான் இப்போது நம் இரண்டு பேர் வீட்டுக்கும் வந்து போகிறவன்.

1945 ஈஸ்டருக்கு அடுத்த வாரம், எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷமிருக்கும், துரை தன் வீட்டில் வைத்திருந்த தட்டு வெட்டும் மெஷினில் பவுலினைப் பாடச் சொல்லிப் பதிந்தார். நான்கு தட்டுகள். அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பு அரக்குப் பூசியவை. சிவப்புத் துணி ஒட்டிய ஆல்பத்தில் போட்டு, லேபிளில் பச்சை மையால் அவள் பெயரை எழுதினார். எங்களுக்கு ஒரு பிரதி தருவதாகச் சொன்னார். அதற்குள் எனக்கு மாற்றல் வந்து சென்னைக்கு வந்துவிட்டோம்.

பவுலின் போய் ஒன்பது வருஷமாகிறது. அப்போது ஜோசஃபினுக்கு இரண்டு வயது. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அப்பா, அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்? எங்க சரளா டீச்சர் மாதிரியா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதிரியா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு ஞாபகமில்லை அண்ணே. முகம் இருக்கிறது, நடை இருக்கிறது, கோபம் வந்தால் புடவைத் தலைப்பை எப்படி இழுப்பாள் என்பதுகூட இருக்கிறது. குரல் போய்விட்டது. சரளா டீச்சர் மாதிரி என்று பொய் சொன்னேன்.

அந்த ஆல்பம் உங்கள் கைக்கு வந்ததா? வராவிட்டால், வரும்போது சொல்வீர்களா?

தங்கள்,
யூஜின்


காக்ஸ் டவுன், பெங்களூர்
16-8-1958

யூஜினுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். பிடிக்காததை உட்கார்ந்து கேட்பதுதான் இப்போது என் உத்தியோகம், ஆகையால் பழகிவிட்டது.

அந்த உத்தியோகம் என்னவென்று கிளாரன்ஸ் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்கமாட்டான். துரை விட்டுப்போனது ஆயிரத்து நூற்றெண்பது ஆல்பம். ஆல்பம் என்றால் போட்டோ ஆல்பம் மாதிரி தடித்த புத்தகம், உள்ளே காகித உறைகளில் நாலைந்து தட்டு. கிளப்பில் இப்போது புது நீண்ட நேரத் தட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. ஒரே தட்டில் இருபது நிமிஷம் ஓடுகிறதாம். பழையதற்கு அலமாரியில் இடமில்லை. ஆகையால் ஒரு ஆளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுத வைக்க வேண்டும் என்று காரியதரிசி ஸ்ரீகண்டன் முடிவு செய்தார். வைக்க, விற்க, கழிக்க. மூன்றில் ஒரு சொல். நாளுக்கு ஆறு ஆல்பம்.

பதினெட்டு வருஷம் பையன்களுக்கு சங்கீதமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தவன் நான். வேலூரிலிருந்து வந்த ஒருவனுக்கு என் நாற்காலியைக் கொடுத்தார்கள். இருபது வருஷம் நம் கோயிலில் ஆர்கன் வாசித்தவன். ஆர்கனுக்கு வயதாகிவிட்டது, ஹார்மோனியம் போதும் என்று பாதிரியார் சொன்னார். ஆர்கனுக்கு என்று அவர் சொன்னது எனக்குத்தான். அப்படிப்பட்டவன் இப்போது ஜன்னலில்லாத ஓர் அறையில், முன்பின் கேட்டிராத தேசங்களின் கூச்சலைக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கேட்கிறான். நேற்று மட்டும் சொல்கிறேன். ஹங்கேரிக்காரர்களின் பிடில், ஹவாய்த் தீவுக் கிதார், ரஷ்யச் சிப்பாய்களின் கூட்டப் பாட்டு, பின்லாந்துக்காரன் ஒருவனின் சிம்பொனி, ஒரு இத்தாலிய ஓபராவின் பாதி, மீதிப் பாதி. ஆறு. மாலையில் வெளியே வந்தால் ஜட்காக்காரன் குதிரையை அதட்டுவதுகூட ஒரு ராகமாகத் தெரிகிறது, அதையும் கழித்துவிடத் தோன்றுகிறது.

எப்படி ஆறு முடிகிறது என்று கேட்பாய். முதல் தட்டில் இரண்டு நிமிஷம். நடுவில் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பேன். போதும். ஒரு இசையில் சரக்கு இருக்கிறதா என்று அதற்குள் தெரியாதவன் காதைக் கழற்றி வைத்துவிடலாம். எண்ணூறைத் தாண்டிவிட்டேன். இதுவரை எந்த அட்டையையும் திருத்த வேண்டி வரவில்லை.

உன் ஆல்பத்துக்கு வருகிறேன். அது வந்தது. மே மாதம். சிவப்புத் துணி, நான்கு தட்டு. லேபிள்களைப் பூச்சி அரித்திருந்தது, ஒரு எழுத்தும் மிச்சமில்லை. முதல் தட்டின் ஓரத்தில் ஊசியை வைத்தேன். ஒரு கிறீச் சத்தம், அவ்வளவுதான், ஊசி வெளியே வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தட்டும் அப்படியே. 'பழுது. கழிக்க' என்று எழுதினேன். பழைய சாமான்காரன் வந்து மற்ற கழிசலோடு எடுத்துப் போனான்.

ஆகவே நீ வருத்தப்பட ஒன்றுமில்லை. அதில் பவுலின் இல்லை. துரையின் மெஷின் பணக்காரன் வீட்டு விளையாட்டுச் சாமான், எதையும் பதியவில்லை.

அவள் குரல் உனக்கு ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு ஆறு வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் அப்பாவிடம் முறைப்படி போய்ப் பெண் கேட்டவனும் நான். நீ நடுவில் வந்து பிடில் வாசித்தாய். உங்கள் கல்யாணத்துக்கு ஆர்கன் வாசிக்கவும் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நீ மறந்துவிட்டாய் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஓஸ்வால்ட்


பெரம்பூர்
20-8-1958

அண்ணே,

வணக்கம் சொல்லித் தொடங்கக் கை வரவில்லை.

அந்தத் தட்டு பழுதில்லை. அது உள்ளிருந்து வெளியே ஓடும் தட்டு. துரையின் மெஷின் அரக்கை வெட்டும்போது நூல் நூலாகச் சுருள் கிளம்பும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வெட்டினால் அந்தச் சுருள் வெட்டும் ஊசியிலேயே வந்து சிக்கும். அதனால் அவர் எப்போதும் நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிப்பார். வீட்டில் தட்டு வெட்டுகிறவர்கள் பல பேர் அப்படித்தான் செய்வார்கள். லேபிளை ஒட்டினாற்போல் ஊசியை வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் அது பாட்டின் கடைசி முனை. ஊசி வெளியே வராமல் என்ன செய்யும்?

லேபிளில் அதையும் எழுதியிருந்தார். பூச்சி தின்றுவிட்டது, சரி. உங்களுக்கு என்ன? எண்ணூறு ஆல்பம் கேட்ட காது, ஒரு ஊசி வெளிப்பக்கம் நழுவுகிறதே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையா? நான்கில் இரண்டைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் சேர்த்தே கழித்தீர்கள். இனி எங்கே போய்த் தேடுவேன்? அவள் உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறாள் அண்ணே. நீங்கள் கேட்ட அந்தக் கிறீச் சத்தம் அவளுடையது.

யார் அந்தச் சாமான்காரன்? எந்தத் தெரு? நீங்கள் போகமாட்டீர்கள் என்றால் சொல்லுங்கள், லீவு போட்டு நானே வருகிறேன். ஜோசஃபினிடம் தட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டது என் தப்பு.

யூஜின்


காக்ஸ் டவுன்
2-9-1958

யூஜினுக்கு,

உள்ளிருந்து வெளியே வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. எங்கோ படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

சாமான்காரன் பெயர் தஸ்தகீர். ரஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை. மூன்று நாள் நடந்தேன். முதல் நாள் அவன் இல்லை. இரண்டாம் நாள் இருந்தான், என்னை ஞாபகமில்லை. மூன்றாம் நாள் கிளப் என்றதும் முகம் மலர்ந்தது.

"அரே சார், அலுமினியம் தகடா? நல்ல சரக்கு அது. மேலே கறுப்பா இருந்துச்சே, சுரண்டியாச்சு. பாத்திரக்காரன் மூணு எடுத்துக்கிட்டான். உருக்கி இந்நேரம் சொம்பு ஆயிருக்கும்."

"நாலு தகடு."

"நாலாவதை சுரண்டறதுக்கு முன்னாடியே பாஞ்சாலி கேட்டா, குடுத்துட்டேன். இங்க சாமான் பிரிக்கிற பொம்பள. வீடு நீலசந்திரா பக்கம். போய் கேளுங்க. ஆனா என்னாத்துக்கு சார், கிளப்ல வேற தகடே இல்லையா?"

நீலசந்திராவில் ஒரு பாஞ்சாலியைக் கேட்டால் ஐந்து பாஞ்சாலியைக் காட்டுகிறார்கள். மூன்றாவது வீட்டில் கிடைத்தாள். உன் மனைவியின் தட்டு அவள் வீட்டில் அரிசி டின்னுக்கு மூடியாக இருந்தது. நடுத்துளையில் ஒரு மரக்குமிழைத் திருகிக் கைப்பிடி வைத்திருந்தாள். நல்ல வேலைப்பாடு.

"என்னா சார், இந்த மூடிக்காகவா அம்மாந்தூரத்துல இருந்து நடந்து வந்தீங்க?" என்றாள்.

அதில் ஒரு பெண்ணின் பாட்டு இருக்கிறது என்றேன். அவள் குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாலு மாசமா என் அரிசி மேலதான் கெடக்குது. ஒரு நாளும் பாடலையே சார். ஸ்வல்ப வெட்கமோ என்னமோ." தெருவிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். "சரி, நீங்க எடுத்துட்டுப் போயிட்டா எலிக்கு நான் என்னா பதில் சொல்றது?"

மறுநாள் என் வீட்டுச் சோற்றுப் பானையின் மூடியைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தேன். அளவு பொருந்துகிறதா என்று இரண்டு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் குமிழைக் கழற்றினாள். நான் கேட்டதைவிட அவள் கவனமாகப் பார்த்தாள் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

மேல்பக்கம் சாம்பல் போட்டுத் தேய்த்ததில் மழமழவென்று போய்விட்டது. அரிசிப் பக்கம் தப்பித்திருக்கிறது. இன்று கிளப் மெஷினில் லேபிளை ஒட்டி ஊசியை வைத்தேன்.

அவள்தான். ஈஸ்டர் காலைப் பாட்டு, மூன்று நிமிஷம். பின்னால் உன் பிடில், சுருதி கொஞ்சம் இறங்கி. பாட்டு முடிந்தபின் ஏதோ பேச்சு. தட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஓஸ்வால்ட்


பெரம்பூர்
6-9-1958

அன்பான அண்ணே,

போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். மன்னியுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் அலைந்து, உங்கள் வீட்டு மூடியைக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். இதை நான் மறக்கமாட்டேன்.

ஜோசஃபினிடம் சொன்னேன். நேராக உள்ளே போய்ப் பாவாடை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எங்கே கிளம்பிட்டே?" என்றேன். "அம்மா வரலையா இன்னைக்கு?" என்றாள். பதினொரு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா அது? தட்டு வர நாளாகும் என்று சொல்லிப் பாவாடையைக் கழற்ற வைத்தேன்.

ஒரு விஷயம், மிக முக்கியம். அந்த அரக்கு மிக மென்மையானது. கடைத் தட்டு மாதிரி இல்லை. இரும்பு ஊசி வைத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து தடவை ஓட்டினால் பாட்டு கரைந்துவிடும். தயவு செய்து இனி வைக்க வேண்டாம். இங்கே வெங்கடசாமி என்று ஒருவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், எடை குறைந்த ஊசியில் ஒரே ஒரு தடவை ஓட்டி டேப்பில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். அவருக்கு ஒரு நல்ல ஓட்டம் போதும்.

எனக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?

தங்கள்,
யூஜின்


காக்ஸ் டவுன்
19-9-1958

யூஜினுக்கு,

நீ வர வேண்டாம். என் வாசலில் உன்னைப் பார்க்க எனக்கு மனமில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளாரன்ஸ் மாதக் கடைசியில் சென்னை வண்டிக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மழை. ஈரத்தில் அட்டைப் பெட்டி ஊறிவிடுகிறது, நல்ல பெட்டி பார்க்க வேண்டும். கிளப்பிலும் வேலை நெருக்கடி. ஸ்ரீகண்டன் நாளுக்கு எட்டு ஆல்பம் என்று ஏற்றிவிட்டார். இன்று மட்டும் ஜப்பான், பிரேசில், ஆஸ்திரியாவில் மூன்று, பெயர் வாசிக்க வராத தேசங்களில் மூன்று. எட்டும் கழித்தேன். எது என்ன என்று கேட்காதே, ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஊசியைப் பற்றி எனக்கு நீ பாடம் நடத்த வேண்டியதில்லை.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாய், இரண்டு வாரம் காத்திருப்பதில் உனக்கு என்ன போய்விடும்?

ஓஸ்வால்ட்


பெரம்பூர்
10-10-1958

அண்ணே,

மாதக் கடைசி போய் பத்து நாளாகிறது. கிளாரன்ஸ் வந்தான், கையில் ஒன்றுமில்லை. நீங்கள் கதவையே திறக்கவில்லையாம்.

அவன் சொன்ன இன்னொன்றுதான் என்னை எழுத வைக்கிறது. உங்கள் கீழ்வீட்டு லட்சுமம்மா அவனை நிறுத்தி, "மேல சாருக்கு மைண்டு சரியில்லையா தம்பி? தினமும் ஆபீஸ்ல இருந்து வந்து ஒரே பாட்டு, ஒரே பாட்டு. பொம்பள குரல். ஒரு மாசமா எங்க வீட்டுப் பசங்களும் அதையே முணுமுணுக்குதுங்க" என்று கேட்டாளாம்.

உங்களிடம் இருப்பது சாவி கொடுக்கிற பழைய கிராமபோன். அதில் இரும்பு ஊசிதான் போடுவீர்கள். நான் எழுதியதைப் படித்த பிறகுமா?

பாட்டு வேறாக இருக்கட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். வேறில்லை என்றால் நாளைக்கே, மழையோ வெயிலோ, கிளாரன்ஸ் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறன்று உங்கள் வாசலில் நிற்பேன், உங்களுக்கு மனமிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் பெண் தினமும் தபால்காரனைக் கேட்கிறாள்.

யூஜின்


காக்ஸ் டவுன்
14-10-1958

யூஜின்,

தட்டு கிளாரன்ஸ் கையில் வருகிறது. பெட்டி நல்ல பெட்டி. உள்ளே இருப்பதைப் பற்றி நீ கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன், பிறகு என்னிடம் விளக்கம் கேட்காதே.

முதல் தடவை வைத்தது கிளப்பில். அது அவள்தானா என்று பார்க்க. அவ்வளவுதான். ஆனால் பாட்டின் இரண்டாம் அடியில் ஒரு மேல் ஸ்வரம் வருகிறது. ஆறு வருஷம் அந்த இடத்தில் அவள் தப்பாகத்தான் பாடினாள். நான் நிறுத்துவேன், மறுபடி பாடச் சொல்வேன், மறுபடி தப்பும். தட்டில் அது சரியாக இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. சரிதானா என்று பார்க்கத்தான் வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டாம் தடவை வைத்தேன். கிராமபோனில், இரும்பு ஊசியில். வேறு ஊசி என்னிடம் இல்லை.

சரியாகத்தான் இருந்தது. நான் இல்லாத இடத்தில், உன் சுருதி கெட்ட பிடிலோடு, அவள் அதைச் சரியாகப் பாடியிருக்கிறாள். எப்படி? ஏதாவது ஒரு இடத்தில் பிசிறு இருக்கும் என்று மறுநாள் வைத்தேன். அதற்கு மறுநாளும். உன் கடிதம் வந்தபோது ஏழெட்டு தடவை ஆகியிருந்தது. நீ எழுதியது நிஜம் என்பது எனக்கு அதற்கு முன்பே கேட்டது. அந்த மேல் ஸ்வரம்தான் முதலில் கரகரத்தது.

அப்போது நிறுத்தியிருக்கலாம். இதை விபத்து என்று நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒரு தடவை மட்டும் என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் சாவி கொடுத்தேன். பகலெல்லாம் எனக்கு வேண்டாத இசை எட்டு ஆல்பம், அதன் பிறகு இது மூன்று நிமிஷம். நீ அவளோடு ஐந்து வருஷம் வாழ்ந்தாய், அவள் தினமும் உன் வீட்டில் பேசினாள், நீ அதைத் தொலைத்தாய். எனக்குக் கிடைத்தது நாற்பது நாள். நான் அதில் ஒரு எழுத்தையும் தொலைக்கவில்லை. எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே உதடு ஒட்டுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு வேண்டுமானால் எழுதித் தருகிறேன், ஸ்வரக் குறிப்போடு.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நூறுக்குக் குறையாது. போன வாரத்திலிருந்து பாட்டு இருக்கும் இடத்தில் இரைச்சல்தான் கேட்கிறது. எனக்குக் கேட்கும், ஏனென்றால் எனக்குத் தெரியும். உன் பெண்ணுக்குக் கேட்காது.

பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பேச்சு முக்கியமில்லை. அதற்கு முன்பே ஊசியை எடுத்துவிடுவேன்.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை எழுதி அனுப்ப வேண்டாம்.

ஓஸ்வால்ட்


பெரம்பூர்
2-11-1958

திரு. ஓஸ்வால்ட் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இந்த ஒன்றுதான், இதற்குப் பிறகு எழுதமாட்டேன்.

வெங்கடசாமி தட்டை ஒரு தடவை ஓட்டினார். ஜோசஃபின் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், புதுப் பாவாடையோடு. மூன்று நிமிஷம் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். அதற்குள் எங்கேயோ ஒரு ஈ மாதிரி ஏதோ. "இதுதான் அம்மாவா?" என்றாள். வெங்கடசாமி என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மழை சட்டென்று நின்றது. என் மனைவி பேசினாள். அறைக்குள் நின்று பேசுகிற மாதிரி.

வெங்கடசாமி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைசி இடத்துல ஊசி அதிகம் படவே இல்லை சார், புதுசு மாதிரி இருக்கு" என்றார். நீங்கள் தினமும் ஊசியை எடுத்த இடம் அது. முதல் நாள் நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள், கேட்டதால்தான் எடுத்தீர்கள். எனினும் டேப்பில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். பாட்டு முடிகிறது. துரை தன் தமிழில், "யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்கிறார்.

"ஓஸ்வால்ட் சார்" என்கிறாள் பவுலின். உடனே குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "'பவுலின்! மூச்சு! மூச்சை எங்கே அடகு வெச்சே? கர்த்தருக்குப் பாடறியா, காய்கறிக்காரிக்குப் பாடறியா?'" துரை சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். "இப்படித்தான் துரை. ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. எங்க அப்பாகிட்ட என்னைப் பொண்ணு கேட்டு வந்தாரே, அன்னைக்கும் என்ன சொன்னாராம் தெரியுமா? 'மேல் ஸ்தாயி கொஞ்சம் சரியில்ல, பரவாயில்ல, கல்யாணத்துக்கு அப்புறம் சரிபண்ணிடலாம்.'" அதன் பிறகு சிரிப்புதான், தட்டு ஓரத்துக்கு வரும்வரை. மூச்சு முட்டி, தண்ணி குடுங்க என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் குரல்தான். அவ்வளவும் வந்துவிட்டது. அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை, உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அவள் பாடியதை என் பெண் ஒரு நாளும் கேட்கப்போவதில்லை. நீங்கள் ஸ்வரக் குறிப்பு எழுதித் தர வேண்டாம்.

டேப்பைக் கேட்க வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து நான்கு நாள் வீட்டில் வைத்திருந்தோம். ஜோசஃபின் எத்தனை தடவை கேட்டாள் என்று நானும் எண்ணவில்லை. டேப் தேயாது. மனப்பாடமாகிவிட்டது அவளுக்கு. நான் சாப்பாட்டில் உப்பு அதிகம் போட்டால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கர்த்தருக்குச் சமைக்கிறியா, காய்கறிக்காரிக்குச் சமைக்கிறியா?" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் தோழிகள், அக்கம்பக்கத்தார், இன்று காலை ஆராதனை முடிந்து பாதிரியார்கூடக் கேட்டார், உங்க அம்மா எப்படிம்மா பேசுவாங்க என்று. கோயில் வாசலில் அத்தனை பேர் நடுவில் நின்று, மோவாயை உள்ளே இழுத்து, குரலைத் தடிப்பாக்கி, என் பெண் உங்களைச் செய்து காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

யூஜின்